காது விட்ட மூட்டை

நாற்றம் என்றால் என்னவென்று பெரியவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷமாகச் சலவைக்கூடத்தில் அழுக்குப் பிரிக்கிற வேலை. இரண்டு ஆஸ்பத்திரி, நாலு லாட்ஜ், ஒரு முதியோர் இல்லம்; அத்தனை இடத்துப் படுக்கைத் துணியும் காலையில் வேனில் வந்து இறங்கி, அவள் கை பட்ட பிறகுதான் மெஷினுக்குப் போகும். இரத்தம் தனி, எண்ணெய் தனி, மருந்துக் கறை தனி. புதிதாக வருகிற பெண்கள் முதல் நாளே வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். இவள் ஒரு கையில் துணியும் மறு கையில் டீயுமாக நிற்பாள். "உனக்கு மூக்கு சும்மா மூஞ்சிக்கு அழகுக்கு வெச்சது" என்பார் மெஷின்காரர்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மலமோ மூத்திரமோ பட்ட விரிப்பைக் கறை உள்ளே போகும்படி இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை மட்டும் விரல் நீளத்துக்கு வெளியே விட்டு முடிய வேண்டும். அதற்குக் காது விடுவது என்று பேர். காது விட்ட மூட்டையை யாரும் பிரிக்கக் கூடாது, உதறக் கூடாது. காதைப் பிடித்துத் தூக்கி அப்படியே கொதிநீர் மெஷினுக்குள் போட்டால், சுற்றுகிற சுற்றில் அது தானே அவிழ்ந்துகொள்ளும். வேறு எந்தச் சலவைக்கூடத்திலும் இந்த ஏற்பாடு கிடையாதென்று மெஷின்காரர் பெருமையடித்துக்கொள்வார். கண்டுபிடித்தது அவர்தானாம். பொய்யாகக்கூட இருக்கலாம், யார் போய்க் கேட்டார்கள்?

பத்தரை மணிக்கு டீ. இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நாலு பேர் உட்காரத்தான் இடம். இஸ்திரி அக்கா, மடிப்பு வேலை பார்க்கிற ஒல்லி, பெரியவள், சில நாள் மெஷின்காரர். வெளியே வெயிலோ மழையோ, உள்ளே எப்போதும் ஒரே நீராவிதான். அதில் பன் கூட நமுத்துப்போயிருக்கும். நமுத்த பன்னுக்குத் தொட்டுக்கொள்ள அவர்களுக்கு ஒன்று இருந்தது. சாயங்காலம் ஏழு மணி சீரியல்.

சீரியலில் ஒரு நெக்லஸ்காரி. தூங்கும்போதும் கழுத்து நிறைய நெக்லஸ் போட்டிருப்பாள், அதனால் அந்தப் பேர். மாமனாரின் மருந்தை மாற்றி வைப்பது, அண்ணியைப் படியில் தள்ளுவது என்று வாரத்துக்கு ஒரு அக்கிரமம். அவளுக்கு ரசிகர்கள் சேர்ந்து போனில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். அதில் வெள்ளிக்கிழமைதோறும் 'மனசைக் கொட்டுங்க' என்று ஒரு பகுதி. நெக்லஸ்காரி மாதிரி நீங்களும் ஏதாவது பண்ணியிருந்தால் எழுதி அனுப்பலாம், பேர் போட மாட்டார்கள். அனுப்பினார்கள் பாருங்கள், மழைக்குக் காத்திருந்த சாக்கடை மாதிரி! தங்கையின் கல்யாணத்தை மொட்டைக் கடிதம் போட்டு நிறுத்தியவள், அம்மாவின் கண் ஆபரேஷனன்று போனை அணைத்து வைத்தவன், எல்லாரும் வந்து கொட்டினார்கள். கீழே ஐநூறு பேர் சிரித்துவிட்டுப் போனார்கள்.

இஸ்திரி அக்காதான் வாசிப்பாள். அவளுடைய கணக்கில் முகம் கிடையாது, பேர் கிடையாது, ஒரு பூந்தொட்டிப் படம்தான். வாசித்து முடித்ததும் ஆளுக்கொரு பதில் சொல்ல, எது நன்றாக இருக்கிறதோ அதைத் தட்டிவிடுவாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒன்று வந்தது. "எங்க வீட்ல ஒரு பெரியம்மா படுத்த படுக்கை. பகல்ல நெக்லஸ்காரியைத் திரும்பப் போடுற நேரத்துல கூப்பிட்டா காது கேக்காத மாதிரி இருந்துடுறேன். விளம்பரம் வந்ததும்தான் துணி மாத்துறேன். இது தப்பா?"

"அடிப்பாவி!" என்றாள் ஒல்லி.

"என்ன அடிப்பாவி? நாள் பூரா அள்ளிக்கொட்டுறவளுக்கு அரை மணி நேரம் கிடையாதா?" என்றாள் பெரியவள். அன்று அவளுக்கு நல்ல மூடு. "எழுதுக்கா. அரை மணி நேரம் ஈரத்துல கிடந்தா யாரும் கரைஞ்சு போயிட மாட்டாங்க. நீயும் மனுஷிதானே, சீரியலைப் பாரு."

மெஷின்காரர் டீ புரையேறிச் சிரித்தார். அந்தப் பதிலுக்கு மட்டும் முந்நூறு லைக். ஒல்லி ஓடிப்போய் இன்னொரு பன் வாங்கிவந்து அவள் கையில் திணித்தாள்.

அது இரண்டு வாரத்துக் கதை. இந்த வெள்ளிக்கிழமை இஸ்திரி அக்கா போனைத் திறந்ததும், "ஏய், அந்தப் படுத்த படுக்கைக்காரி மறுபடியும் எழுதியிருக்காடி!" என்றாள்.

"படிக்கா, படி."

இஸ்திரி அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "'முன்னாடி எழுதினவதான். இப்பல்லாம் விளம்பரத்துலகூட எழுந்திரிக்கிறதில்ல. சத்தம் போடுறாங்கன்னு சுவத்துப் பக்கமா திருப்பிப் படுக்க வெச்சுடுறேன். ஈரத்து மேலயே ஒரு காஞ்ச துணியைப் போட்டுட்டா வெளிய தெரியாது. முதுகுக்குக் கீழ தோல் உரிஞ்சு புண்ணாயிருக்கு, பவுடர் போட்டு மறைச்சு வெச்சிருக்கேன். வீட்ல யாருக்கும் தெரியாது. துணியைச் சுருட்டி, ஒரு முனையை மட்டும் காது மாதிரி வெளிய விட்டுக் கூடையில போட்டுடுவேன். காது விட்டிருந்தா எங்க வீட்ல யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க, மெஷினுக்குப் போயிடும். இப்ப சொல்லுங்க, நான் நெக்லஸ்காரியை மிஞ்சிட்டேனா?'"

ஒல்லி டீயைக் கீழே வைத்தாள்.

"காதா?" என்றாள் ஒல்லி. "நம்ம காதா?"

"வேற எந்த ஊர்லடி காது விடுறாங்க? நம்ம ஆளுதான் யாரோ!" இஸ்திரி அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "யாருடி அது? பகல் ஷிப்டா, சாயங்கால ஷிப்டா? மெஷின்காரரே, உங்க வீட்டம்மாவா?"

"என் வீட்ல படுத்த படுக்கைன்னா நான்தான். ஞாயித்துக்கிழமை மட்டும்" என்றார் அவர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பெரியவள் சிரிக்கவில்லை. வாயில் இருந்த பன் அப்படியே நின்றுவிட்டது. அவள் வீட்டில் எட்டு மாதமாக மாமியார், அவளுக்கு அத்தை, படுக்கையில் கிடக்கிறாள்; கூடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. வலப்பக்கம் விழுந்துபோய், பேச்சும் போய், 'ஆங்' என்கிற ஒரு சத்தம்தான் பாக்கி. ஓரகத்தி சின்னவள்தான் மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறாள். சுருட்டிக் காது விடச் சொல்லிக் கொடுத்தது சாட்சாத் பெரியவள்தான். தினமும் விடிந்ததும் கூடையிலிருந்து காதைப் பிடித்துத் தூக்கி வீட்டு மெஷினில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவதும் அவள்தான்.

"கமெண்ட்டைக் கேளுங்கடி" என்று இஸ்திரி அக்கா தொடர்ந்தாள். "'கதை சூப்பர், அடுத்த பாகம் எப்போ?' இது ஒருத்தன். 'கிழவி சொத்தை எழுதி வாங்கிட்டியா?' இது ஒருத்தி. 'புண்ணைப் போட்டோ எடுத்துப் போடுங்க, நம்பறோம்.' சிரிக்கிற மூஞ்சி, சிரிக்கிற மூஞ்சி, பதினோரு சிரிக்கிற மூஞ்சி…"

"போதும்க்கா" என்றாள் பெரியவள்.

"அட, இரு. நீ ஒண்ணு சொல்லு, தட்டிவிடுறேன். போன தடவை உன்னோடதுதானே முதல்ல நின்னுது?"

பெரியவள் எழுந்து பின்பக்கம் போனாள். கழிவுநீர் ஓடுகிற வாய்க்காலருகே குனிந்தாள். பன்னும் டீயும் காலையில் சாப்பிட்டதும் எல்லாமே வந்தது. பன்னிரண்டு வருஷத்தில், பிரேத அறையிலிருந்து வந்த விரிப்புக்குக்கூட அவள் வயிறு இப்படிப் புரண்டதில்லை. கண்ணில் நீர் வழிய நிமிர்ந்தபோது மெஷின்காரர் தண்ணீர்ச் சொம்போடு நின்றார்.

"என்னம்மா, முழுகாம இருக்கியா?"

"அந்த வயசா எனக்கு? சாப்பிட்டது ஒத்துக்கலை. அரை நாள் லீவு சொல்லிடுங்கண்ணே."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். கேட்க நினைத்தது ஏதோ இருந்தது. நல்ல மனுஷர், கேட்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் காற்று போதவில்லை. வேறு யாராவதாக இருக்கும் என்று நூறு தடவை சொல்லிப் பார்த்தாள். ஆனால் தொழில் தெரிந்தவள் தன்னைத் தானே எத்தனை தூரம் ஏமாற்றிக்கொள்ள முடியும்? முன்பெல்லாம் கூடையில் ஒரு நாளைக்கு ஐந்து மூட்டை இருக்கும். இரண்டு வாரமாக இரண்டுதான். துணி குறைந்தால் கறை எங்கே போகும் என்று கேட்க வேண்டியவள் அவள்தானே? முதியோர் இல்லத்து மூட்டை ஒன்று குறைந்தாலும் போன் போட்டுக் கேட்கிறவள், சொந்த வீட்டுக் கூடை லேசாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். அத்தை தேறிவருகிறாள் போல என்று புருஷனிடம்கூடச் சொன்னாள். தூ!

விஷயம் வெளியே தெரிந்தால் கொழுந்தன் சின்னவன் தன் பெண்டாட்டியைக் கையைப் பிடித்து வாசலில் தள்ளிவிடுவான், அவ்வளவு முன்கோபம். தெரியாமல் மூடினால் அத்தை உயிரோடு அழுகிப்போவாள். இரண்டுக்கும் நடுவில் தான் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்தாள்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. கூடத்தில் பகல் பன்னிரண்டு மணி மறுஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. நெக்லஸ்காரி யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தாள். தட்டோடு உட்கார்ந்திருந்த சின்னவள் திரும்பிப் பார்த்து, சோற்றுக் கையோடு எழுந்தாள். "என்னக்கா, இந்த நேரத்துல?"

பெரியவள் நேரே உள் அறைக்குப் போனாள். ஜன்னல் சாத்தியிருந்தது. பவுடர் வாசனை தூக்கலாக அடித்தது. அத்தை சுவரைப் பார்த்துக் கிடந்தாள். மேல் விரிப்பு மடிப்புக் கலையாமல் வெள்ளைவெளேரென்று இருந்தது. அதற்குக் கீழே கையை விட்டாள். ஈரம். சில்லிட்டுப்போன பழைய ஈரம்.

"அக்கா, இப்பத்தான் மாத்தலாம்னு…"

"பிடி."

இரண்டு பேரும் சேர்ந்து அத்தையைப் புரட்டினார்கள். இடுப்புக்குக் கீழே பவுடர் கட்டிகட்டியாக அப்பியிருந்தது. ஈரத்துணியால் ஒற்றி எடுக்க எடுக்க, உள்ளே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, நடுவில் கறுத்து, ஓரத்தில் மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது புண். அந்த வீச்சம் பெரியவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரித் துணியில் அது வந்தால், அந்தக் கட்டில் இன்னும் ஒரு மாதத்தில் காலியாகிவிடும் என்று அவர்கள் பேசிக்கொள்வார்கள். அத்தை 'ஆங்' என்றாள். முகத்தைத் திருப்பி இரண்டு பேரையும் பார்த்தாள். கண்ணில் கோபம்கூட இல்லை. பயம்தான் இருந்தது, அதுவும் இரண்டு பேரிடமும்.

பெரியவள் கழுவினாள், துடைத்தாள், படுக்கையை மாற்றினாள். ஜன்னலைத் திறந்தாள். பிரெட்டைப் பாலில் மசித்து ஊட்டினாள், அத்தை பறந்து பறந்து விழுங்கினாள். தெருமுனை கிளினிக்கிலிருந்து நர்ஸைக் கூட்டிவந்தாள். நர்ஸ் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டுவிட்டு, "இன்னும் பத்து நாள் விட்டிருந்தீங்கன்னா எலும்பு தெரிஞ்சிருக்கும். வீட்ல மனுஷங்க இருக்கீங்களா இல்லையா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போனாள்.

சமையலறை வாசலில் சின்னவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பேயறைந்த முகம்.

"நீதானே எழுதினே?" என்றாள் பெரியவள்.

"எதை?"

"நெக்லஸ்காரியை மிஞ்சிட்டேனான்னு கேட்டு எழுதினியே, அதை."

சின்னவள் மறுக்கவில்லை. உதடு கோணியது. "படிச்சீங்களா?"

"ஊரே படிச்சு சிரிக்குது. கூசலையாடி உனக்கு? பண்ணினதுதான் பண்ணினே, அதைப் போய் நாலு பேர் கைதட்டுறதுக்கு எழுதியிருக்கியே! பெத்த தாயா இருந்தா இப்படிப் பவுடர் போட்டு மூடுவியா?"

"உங்களுக்கு மட்டும் பெத்த தாயா?" சின்னவள் குரல் உடைந்தது. "ஏழு மணிக்கு டிபன் டப்பாவோட போறீங்க, அஞ்சு மணிக்கு வர்றீங்க. வந்ததும் அந்த ரூம் வாசல்ல நின்னு, 'என்ன அத்தை, நல்லா இருக்கீங்களா'ன்னு ஒரு கேள்வி. அவங்க 'ஆங்'னு சொன்னதும் போயிடுறீங்க. எட்டு மாசத்துல ஒரு நாள் உள்ள வந்து ஒரு தடவை புரட்டியிருக்கீங்களா? பெத்த பிள்ளைங்க ரெண்டு பேரும் மூக்கைப் பொத்திக்கிட்டு வாசலோட சரி. என் வேலையை விடச் சொல்லி அஞ்சே நிமிஷத்துல சாப்பாட்டு மேஜையிலயே முடிவு பண்ணினீங்க. என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பெரியவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை. நியாயம் நியாயம்தான், அந்தப் புண்ணும் புண்தான்.

"பேச ஆளில்லக்கா" என்றாள் சின்னவள், கொஞ்சம் தணிந்து. "அதான் எழுதினேன். முதல் தடவை எழுதிட்டு ஒரு நாள் பூரா அழுதேன். எல்லாரும் காறித் துப்புவாங்கன்னு நெனச்சேன். துப்பியிருந்தா நிறுத்தியிருப்பேனோ என்னவோ. ஆனா ஒருத்தி எழுதியிருந்தா பாருங்க…" போனை எடுத்து அவசரமாகத் தேடினாள். "அவ ஒருத்திதான் என்னை மனுஷின்னு சொன்னா. படமா எடுத்தே வெச்சிருக்கேன். மனசு கேக்காதப்போ எடுத்துப் பாத்துக்குவேன்."

போனைத் திருப்பிக் காட்டினாள். பூந்தொட்டிப் படம். அதற்குப் பக்கத்தில் அந்த வரி. கரைஞ்சு போயிட மாட்டாங்க.

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அன்று ஒல்லி வாங்கிவந்த பன்னின் ருசி நாக்கில் வந்து ஒட்டியது.

"அவளைத் திட்டாதீங்கக்கா. யாரோ நல்ல மனசுக்காரி" என்றாள் சின்னவள்.

நல்ல மனசுக்காரி! பெரியவள் கொல்லைப்பக்கம் போய்க் கூடையருகே உட்கார்ந்தாள். மத்தியானம் அத்தைக்கு அடியிலிருந்து உருவி அவளே சுருட்டிய மூட்டை காதை நீட்டிக்கொண்டு கிடந்தது. வெயில் சாய்கிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டால் தப்பிவிடலாம். சின்னவள் மேல் பழியைப் போட்டால் ஊர் நம்பும், வீடு நம்பும், பூந்தொட்டிக்குப் பின்னால் பேசியது யாரென்று யாரும் தேடிவரப் போவதில்லை. அந்த யோசனை எத்தனை சுலபமாக வந்தது என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

ஆறு மணிக்கு அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிற பெரியவன், லிஃப்ட் பழுது பார்க்கிற சின்னவன். கைகால் கழுவிவிட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். பெரியவள் அந்த மூட்டையைக் கொண்டுவந்து, தட்டு வைக்கிற இடத்தில் வைத்தாள்.

"ஏய், என்ன இது? காது விட்டிருக்கு!" பெரியவன் நாற்காலியோடு பின்னால் போனான்.

"காது விட்டிருக்குன்னு தெரியுதுல்ல? உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"அண்ணி, சாப்பிடுற இடம்" என்றான் சின்னவன்.

"உங்கம்மா இதுலதான் கிடந்து சாப்பிடுறாங்க. உட்காரு."

காதைப் பிடித்து இழுத்து மூட்டையைப் பிரித்தாள். இரண்டு நாள் ஈரம், மேலே அடுக்கடுக்காகக் கறை, நடுவில் மஞ்சளும் சிவப்புமாகப் புண் ஒட்டிய இடம். பெரியவன் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனான். சின்னவன் கறையைப் பார்த்தான், பிறகு மெல்லத் திரும்பித் தன் பெண்டாட்டியைப் பார்த்தான். நாற்காலி கிறீச்சிட எழுந்தான்.

"உன்னை நம்பித்தானே விட்டேன்? வெளிய போடி!"

சின்னவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"உட்காருன்னு சொன்னேன்" என்றாள் பெரியவள். "அவளை அனுப்பினா என்னையும் அனுப்பணும். அந்த ரூமுக்குள்ள நீ கடைசியா எப்ப போனே? சொல்லு. போன மாசமா, அதுக்கு முந்தின மாசமா? குறைஞ்ச துணியைப் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தவ நான். அது மட்டுமில்ல."

சின்னவளின் போனை எடுத்து, அந்தப் படத்தைத் திறந்து உரக்க வாசித்தாள். "'அரை மணி நேரம் ஈரத்துல கிடந்தா யாரும் கரைஞ்சு போயிட மாட்டாங்க. நீயும் மனுஷிதானே, சீரியலைப் பாரு.'"

"யார் எழுதினது இந்தக் கண்றாவியை?" என்றான் பெரியவன்.

"தட்டினது இஸ்திரி அக்கா. சொன்னது நான். யாரோ ஒரு வீட்டுக் கிழவிதானேன்னு, டீ குடிச்சுக்கிட்டே சொன்னேன். நல்லா சொன்னேன்னு ஒரு பன் வாங்கிக் கொடுத்தாங்க. தின்னேன்."

சின்னவள் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். போனைப் பார்த்தாள், பெரியவள் முகத்தைப் பார்த்தாள். மனசு கேட்காத போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்ட அந்த நல்ல மனசுக்காரி இவள்தான் என்பது அவளுக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. உறைத்ததும் முகம் சுருங்கியது. மேஜைமேல் விரிந்து கிடந்த துணியைப் பார்ப்பதுபோலவே பெரியவளைப் பார்த்தாள்.

"சீ" என்றாள்.

பெரியவள் தலையை ஆட்டினாள். "ஆமா."

உள்ளேயிருந்து அத்தை 'ஆங்' என்றாள். மறுபடியும், கொஞ்சம் பலமாக. பெரியவள் போனைக் கீழே வைத்துவிட்டுப் புருஷன் கையிலிருந்த கைக்குட்டையைப் பிடுங்கி, அந்த அழுக்குத் துணியின் மேலேயே எறிந்தாள்.

"புரட்டணும். ரெண்டு பேரும் வந்து பிடிங்க" என்றாள். "மூக்கைப் பொத்தாம வாங்க."